மக்கள் பேசும் கலை: கலைஞர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சமூக மாற்றத்துக்குக் கலையைப் பயன்படுத்தும் பயிற்சிப் பட்டறைகளில் வழக்கமாக இரண்டு தரப்பினர் வந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் நடிகர், ஓவியர், பாடகர், புகைப்படக்காரர். மறுபக்கம் சுகாதாரப் பணியாளர், தொழிற்சங்கத்தினர், தன்னார்வலர், பெண்கள் குழுக்களை நடத்துபவர். முதல் தரப்புக்குப் படைப்பு நன்றாக வரவேண்டும் என்ற கவலை. இரண்டாம் தரப்புக்குச் செய்தி போய்ச்சேர வேண்டும் என்ற அவசரம். இரண்டையும் அப்படியே கலந்தால், துண்டுப் பிரசுரத்தைக் கதாபாத்திரங்கள் மாறி மாறி ஒப்பிக்கும் ஒரு நாடகம்தான் மிஞ்சும். கைதட்டல் கிடைக்கும். மறுநாள் எதுவும் மாறியிருக்காது.

ஆகவே கலைஞர் தன் படைப்பின் மீதுள்ள பிடியையும், களப்பணியாளர் தன் செய்தியின் மீதுள்ள பிடியையும் கொஞ்சம் தளர்த்தப் பழக்குவதே பயிற்றுநரின் முக்கிய வேலை. நடிக்கவும் வரையவும் கற்றுக்கொள்ள வேறு இடங்கள் இருக்கின்றன.

1. அழைத்தது யார் என்று பாருங்கள்

பயிற்சித் தேதியைக் குறிப்பதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. நிதி கொடுப்பவர் பெரும்பாலும் தலைப்பையும் சேர்த்தே கொடுத்து அனுப்புவார். அந்தப் பகுதி மக்களின் அப்போதைய தலைவலி வேறு ஒன்றாக இருக்கலாம். சுகாதாரம் பற்றி நாடகம் போடப் போன இடத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தால் உங்கள் நாடகத்தை யார் பார்ப்பார்கள்?

குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே களப்பணியாளர்கள் சிறு குழுக்களோடு உட்கார்ந்து பேசட்டும். கேள்வித்தாள் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: இங்கே எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வெளியே பேசாத விஷயம் எது? அது அப்படியே இருப்பதால் யாருக்கு ஆதாயம்? அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கான விடையை ஒரு பெரிய தாளில் பெயர் பெயராக, பதவி பதவியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படிவரை அந்தத் தாள் தேவைப்படும்.

உங்கள் திட்டத்தையே ஒருமுறை உரசிப் பார்க்கவும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை ஏய்ப்பது, நடுவில் தகவல் சொல்வதும் பெயரளவுக்குக் கருத்துக் கேட்பதும், உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்களிடம் இருப்பது. 'விழிப்புணர்வுக் கலை நிகழ்ச்சி' என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை தகவல் சொல்லும் படியைத் தாண்டுவதில்லை என்பது என் கருத்து. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே நேர்மையாக எழுதி வையுங்கள்.

2. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

16 முதல் 20 பேர் வரை கையாளலாம். அதற்கு மேல் போனால் ஓரத்தில் இருப்பவர் ஓரத்திலேயே இருந்துவிடுவார். ஒரே பகுதியிலிருந்து ஒரு கலைஞரும் ஒரு களப்பணியாளருமாக இணையாக எடுங்கள். தனியாகத் திரும்பிப் போகிறவருக்கு இரண்டே வாரத்தில் பழைய வேலை பழையபடி ஆகிவிடும். பிரச்சினையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களும் பயிற்சி பெறுபவர்களாக உள்ளே இருக்க வேண்டும். அவர்களைப் 'பயனாளிகள்' என்ற பெயரில் கடைசி நாள் பார்வையாளர்களாக அழைத்து உட்காரவைப்பது அவமரியாதை.

தேர்வின்போது திறமையைக் காட்டச் சொல்லாதீர்கள். வேறொருவரிடம் கேட்ட அனுபவம் ஒன்றை இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். சொல்பவர் அந்த மனிதரை நடுவில் நிறுத்துகிறாரா, அல்லது 'நான் அவருக்கு எப்படி உதவினேன்' என்று தன்னைக் கொண்டுவந்து நுழைக்கிறாரா என்று கவனியுங்கள். குரல்வளமும் தூரிகைத் திறமும் சொல்லாத பலவற்றை இந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, பத்து நாளை ஒரே மூச்சில் நடத்துவதைவிட முதலில் 5 நாள், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் களத்தில், மறுபடி 3 நாள் என்று பிரிப்பது நல்லது. நாட்கூலிக்குப் போகிறவர் வந்தால் அவர் இழக்கும் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், போக்குவரத்து ஆகியவை பட்ஜெட்டின் முதல் வரிகளாக இருக்கட்டும். கடைசியில் மிச்சமிருந்தால் கொடுப்போம் என்பது கொடுக்கமாட்டோம் என்று பொருள்படும்.

3. முதல் இரண்டு நாள்: உடம்பும் செவியும்

முதல் நாளில் பிரச்சினையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பேசத் தொடங்கினால் பேச்சில் பழக்கமுள்ளவர்கள் அறையைப் பிடித்துக்கொள்வார்கள். உடம்பிலிருந்து தொடங்கினால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பார்கள்.

பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் (1931–2009) தொகுத்த பயிற்சிகளில் ஒன்று இது. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டுப் பிடிக்கிறார். கை போகும் வழியெல்லாம் முகமும் அதே இடைவெளியில் தொடர வேண்டும். கையைத் தாழ்த்தினால் மண்டியிட வேண்டும். சுழற்றினால் சுழல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இருவரும் இடம் மாறுகிறார்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: 'கையாக இருந்தபோது எதிரில் இருந்தவரின் முழங்காலைப் பற்றி நினைத்தீர்களா?' அதிகாரம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே அதைப் பற்றிய உரையாடல் தொடங்கிவிடும்.

இரண்டாம் நாள் சிலை உருவாக்கும் பயிற்சி. குழுவில் ஒருவர் மற்றவர்களின் உடலைக் களிமண்போல வளைத்து, தன் வாழ்வில் ஓர் அநீதியின் காட்சியை வார்த்தையின்றி நிறுத்துகிறார். அதன்பின் அதே ஆட்களைக் கொண்டு, அது எப்படி இருக்க வேண்டும் என்று தான் நினைக்கும் காட்சி. மூன்றாவதாக, முதல் காட்சியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியின் காட்சி. முதலும் இரண்டும் சட்டென்று வந்துவிடும். மூன்றாவதில்தான் எல்லோரும் திணறுவார்கள். அந்தத் திணறலை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள்.

4. கதை சேகரிப்பதும் ஒப்புதலும்

கலைஞர்களுக்கு நல்ல கதை கண்ணில் பட்டால் கை பரபரக்கும். இந்தப் படி அந்தப் பரபரப்புக்கு வேலி போடுவதற்காக.

ஒருவரின் அனுபவத்தைக் கேட்கும்போது ஒப்புதல் மூன்று தடவை வாங்கப்பட வேண்டும். சொல்வதற்கு முன், சொல்லி முடித்த பின், படைப்பாக மாற்றிக் காட்டிய பின். மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் நடந்த வேலையை இதற்கு முன்மாதிரியாகச் சொல்லலாம். தீவு மக்களை வேறு இடங்களில் குடியமர்த்தும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ தலைமையில் மக்களின் பேச்சுகள் சிறு சிறு படங்களாக எடுக்கப்பட்டன. எடுத்ததை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று நினைத்ததை நீக்கச் சொல்லும் உரிமை பேசியவருக்கு இருந்தது. ஒருவர் பேசியதை அடுத்த ஊர்க்காரர் திரையில் பார்த்தபோது, ஒரே கவலை எல்லோருக்கும் இருப்பது அவர்களுக்கே வெளிச்சமானது. அதன்பின்தான் படங்கள் அரசாங்கத்திடம் போயின. மக்கள் இடம்பெயரவில்லை, மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. படங்களால் மட்டுமே இவ்வளவும் நடந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் யாருக்கு முதலில் காட்டினார்கள் என்ற வரிசைமுறை முக்கியமானது.

சில நடைமுறைகளைப் பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள். ஒருவரின் கதையை அப்படியே மேடையேற்றாமல் நாலைந்து பேரின் அனுபவங்களைக் கலந்து புதிய பாத்திரத்தை உருவாக்குங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். சின்ன ஊரில் தொழிலும் வயதும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். வன்முறைக்கு ஆளானவரைக் கொண்டே அதை நடிக்கவைக்கக் கூடாது. சொல்லும்போது ஒருவர் உடைந்துபோனால் யார் அருகில் போய் உட்காருவது, மனநல உதவிக்கு யாரைத் தொடர்புகொள்வது என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

கதையை வாயால் சொல்லத் தயங்குபவர்களுக்குக் கேமராவைக் கொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப்புறப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்தே உரையாடல் நடத்தும் முறையை கேரலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் உருவாக்கினார்கள். இன்று அது ஃபோட்டோவாய்ஸ் என்று அறியப்படுகிறது. ஒவ்வொரு படத்தின் முன்னும் ஐந்து கேள்விகள்: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கும் நம் வாழ்வுக்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி இருக்கிறது? நாம் என்ன செய்யலாம்? இந்த வரிசையை மாற்றாதீர்கள். களப்பணியாளர்கள் ஐந்தாம் கேள்விக்குத் தாவத் துடிப்பார்கள். கலைஞர்கள் முதல் கேள்வியிலேயே ஒளி, நிழல் என்று தங்கிவிடுவார்கள்.

5. வடிவத்தைத் தேர்வது

தெரிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு பிரச்சினையை அதற்குள் திணிப்பது எளிது. மாறாகக் கேளுங்கள்: மக்கள் இதில் எந்த இடத்தில் கை வைக்க முடியும்? எவ்வளவு காலம் இருக்கிறது? முகம் தெரிவது ஆபத்தா?

முகம் தெரியக் கூடாது என்றால் பொம்மலாட்டம், தையல், ஒலிநாடகம். விவாதம் வேண்டும் என்றால் நாடகம். துக்கத்துக்கு இடம் வேண்டும் என்றால் தையல் வேலைக்கு நிகரில்லை. எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தைக்கப்பட்ட துணிவிரிப்பில் ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அதை விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. தைத்தவர்களில் பெரும்பாலோர் கலைஞர்கள் அல்லர். நண்பர்கள், காதலர்கள், குடும்பத்தினர். சுவரோவியத்துக்குப் பொறுமை வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976இல் தொடங்கிய, அரை மைலுக்கும் நீளமான சுவரோவியம் பல கோடைகளில், நூற்றுக்கணக்கான இளைஞர்களின் கைகளால் வளர்ந்தது. இரண்டு நாள் சுவரோவியத் திட்டத்தில் மக்களுக்குக் கிடைப்பது அடிவண்ணம் பூசும் வேலை மட்டுமே.

6. விவாத அரங்கு: அருகிலிருந்து

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் எல்லோரும் ஒருமுறையாவது விவாத அரங்கை (பார்வையாளரே மேடையேறிக் கதையின் போக்கை மாற்றிப் பார்க்கும் நாடக வடிவம்) செய்து பார்க்க வேண்டும். படைப்பின் மீதுள்ள பிடியை விடுவது என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இதன் தோற்றம் பற்றிப் போவாலே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1973இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் வேலை செய்தபோது, பார்வையாளர்கள் சொல்லும் தீர்வுகளை நடிகர்கள் நடித்துக் காட்டுவது வழக்கம். ஒரு பெண் சொன்னதை நடிகர்கள் எத்தனை விதமாகச் செய்தும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் அவரே மேடையேறிச் செய்து காட்டிவிட்டார். பார்ப்பவர் மேடையேறும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

பயிற்சியில் இப்படிச் செய்யலாம். ஐந்து நிமிடக் காட்சி. ஒரு பெண் கூடுதல் நேரம் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்க மேற்பார்வையாளரிடம் போகிறார். அவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறார். பக்கத்து இருக்கைத் தோழி தலையைக் குனிந்துகொள்கிறாள். வீட்டில் கணவர், 'இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொள்ளாதே' என்கிறார். மறுநாள் அந்தப் பெண் வெற்று ரசீதில் கையெழுத்துப் போடுகிறார். காட்சி முடிந்தது. தோல்வியில் முடிவது கட்டாயம்.

அதே காட்சி மறுபடி தொடங்கும். இந்த முறை பார்வையாளரில் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி அந்தப் பெண்ணின் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வருபவர் பெரும்பாலும் கோபக்காரர். மேசையைத் தட்டுகிறார், சட்டம் பேசுகிறார். மேற்பார்வையாளராக நடிப்பவர் குரலை உயர்த்தாமல், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்கிறார். அறை அமைதியாகிறது. நெறியாளர் (போவால் வைத்த பெயர் ஜோக்கர்) கேட்கிறார்: 'இப்படி நடக்குமா?' 'நடக்கும்' என்று நாலைந்து குரல்கள். அடுத்து வரும் பெண் மேற்பார்வையாளரிடம் போகவே இல்லை. நேராகத் தோழியிடம் போய், 'உனக்கு எத்தனை மணி நேரம் பாக்கி?' என்று கேட்கிறாள். இருவரும் ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள். மூன்றாம் ஆளைச் சேர்க்கலாமா என்று பேசுகிறார்கள். மேற்பார்வையாளர் முன் இரண்டு பேராகப் போய் நிற்கும்போது அவர் முதல் தடவையாகத் தொலைபேசியைக் கீழே வைக்கிறார். பிரச்சினை தீரவில்லை. ஆனால் நெறியாளருக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது: 'இங்கே என்ன மாறியது?'

மூன்று விதிகள். மேற்பார்வையாளரின் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது. அவரை நல்லவராக்கிவிட்டால் விவாதிக்க ஒன்றுமில்லை, அது மந்திரவித்தை. அந்தப் பாத்திரத்தை நடிப்பவர் தொட்டதற்கெல்லாம் பணியவும் கூடாது, எல்லா முயற்சியையும் நசுக்கவும் கூடாது. உண்மையில் அவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி. குழுவிலேயே தேர்ந்த நடிகரை இந்தப் பாத்திரத்துக்குப் போடுங்கள். மூன்றாவது, நெறியாளர் எந்தத் தீர்வையும் சரி, தவறு என்று சொல்லக் கூடாது.

இந்த மூன்றாவது விதிக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். 'அருமையாகச் சொன்னீர்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும், அறையில் மற்றவர்கள் நெறியாளருக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பயிற்சியில் அந்த வாக்கியத்துக்குத் தடை. பதிலாக: 'அடுத்து என்ன ஆகும்?' 'இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?' 'வேறு விதமாகச் செய்பவர் இருக்கிறீர்களா?' கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேச வேண்டும். களப்பணியாளர்களுக்கு இந்தப் பத்து எண்ணிக்கை பெரும் சோதனை. பலருக்கு நான்கிலேயே வாய் திறந்துவிடும். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவரை அடக்க வேண்டாம். 'சொல்லாதீர்கள், வந்து செய்து காட்டுங்கள்' என்று அழைத்தால் போதும்.

7. ஆபத்தைக் கணக்கிடுவது

போவால் தன்னைப் பற்றியே சொன்ன ஒரு சம்பவத்தைப் பயிற்சியில் கட்டாயம் சொல்லுங்கள். 1960களில் பிரேசிலின் வடகிழக்கில், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடி முடியும் நாடகம் ஒன்றை அவருடைய குழு விவசாயிகள் முன் நடத்தியது. நெகிழ்ந்துபோன ஒரு விவசாயி, நாடகத்தில் கையில் ஏந்தியிருந்த துப்பாக்கிகளோடு அப்போதே வாருங்கள், நிலக்கிழாரை எதிர்க்கப் போவோம் என்று அழைத்தார். துப்பாக்கிகள் பொய்யானவை என்று குழு விளக்க வேண்டியதாயிற்று. அப்படியானால் நீங்கள் சொன்ன ரத்தம் எங்களுடையதுதான் என்று அவர் புரிந்துகொண்டார். நாம் தோள்கொடுக்கப் போவதில்லை என்றால் அந்த வழியை அடுத்தவருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பதைப் போவால் அங்கே கற்றார்.

கலைஞர்களுக்கும் ஆபத்து உண்டு. கென்யாவின் கமிரீத்துவில் தொழிலாளர்களும் விவசாயிகளும் தங்கள் கிக்கூயு மொழியிலேயே நடித்த நாடகம் 1977இல் தடைசெய்யப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான கூகி வா தியாங்கோ அவ்வாண்டின் கடைசி நாளில் கைதாகி, விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். மக்கள் கட்டிய அரங்கம் 1982இல் இடிக்கப்பட்டது. 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய் நாடகத்தை நடத்தி முடித்தார்கள். அந்தத் துணிவைப் போற்றலாம். பயிற்சி பெறுபவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு இணையும் ஒரு பக்கத் தாளில் எழுதட்டும்: யார் கோபப்படுவார்கள், கோபம் யார் மேல் இறங்கும், அனுமதி யாரிடம், காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால் பேசுவது யார், கூட்டத்தில் இருக்கும் வழக்கறிஞர் அல்லது மூத்தவர் யார், எந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவோம். 'நாங்கள் ஊருக்குப் போனபின் இங்கேயே இருக்கப்போகிறவருக்கு என்ன ஆகும்' என்பது தாளின் கடைசி வரி. அதற்கு விடை இல்லை என்றால் நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள்.

8. மேடையிலிருந்து முடிவெடுப்பவர் மேசைக்கு

இங்கேதான் முதல் படியில் எழுதிய அதிகாரத் தாள் மறுபடி வெளியே வருகிறது. நிகழ்ச்சியில் மக்கள் முன்வைத்த வழிகளை எழுதிக்கொள்ள ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: நாமே செய்யக்கூடியவை, சேர்ந்து கேட்டால் கிடைப்பவை, விதியோ சட்டமோ மாற வேண்டியவை.

மூன்றாவது வகை எட்டாக்கனி என்று விட்டுவிட வேண்டியதில்லை. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது நகரெங்கும் நாடகக் குழுக்களை அமைத்து, அவற்றில் வந்த யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக்கினார். 13 சட்டங்கள் நிறைவேறின. உங்களிடம் நகர மன்ற உறுப்பினர் இல்லாமல் இருக்கலாம். வார்டு உறுப்பினர், தலைமையாசிரியர், ஆலை மேலாளர் என்று யாரோ ஒருவர் இருப்பார். அவரை நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தால் அரங்கமே வாய்மூடிவிடும். மக்கள் பேசி முடித்த பிறகு, அவர்களே தேர்ந்தெடுத்த மூன்று பேர் எழுதிய கோரிக்கையோடு அவரைச் சந்திக்கட்டும். சந்திப்புத் தேதி நிகழ்ச்சி முடிவதற்குள் அறிவிக்கப்பட வேண்டும்.

9. களத்தில் ஆறு முதல் எட்டு வாரம், பிறகு மூன்று நாள்

களத்தில் ஒவ்வொரு இணையும் ஒரே ஒரு சிறிய படைப்பை, ஒரே மக்கள் குழுவோடு செய்தால் போதும். பயிற்றுநர் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது குறுக்கிடக் கூடாது. கலைஞரும் களப்பணியாளரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் நேரத்தைப் பற்றி: ஒருவருக்கு இன்னும் ஒத்திகை வேண்டும், மற்றவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்காகவே வாரம் ஒருமுறை அரைமணி நேரத் தொலைபேசி உரையாடலை அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

மதிப்பீட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நிதி கொடுப்பவர் கேட்பார், கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக வேறு நான்கைக் குறித்துவையுங்கள். எத்தனை பேர் மேடையேறினார்கள், அவர்களில் வழக்கமாகக் கூட்டங்களில் பேசாதவர்கள் எத்தனை பேர், கோரிக்கைக்கு என்ன பதில் வந்தது, நிகழ்ச்சிக்குப் பின் யாருக்காவது தொல்லை நேர்ந்ததா. ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அதே குழுவிடம் போய்க் கேளுங்கள். உடனடியாக நிரப்பி வாங்கும் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்றுதான் எழுதுவார்கள்.

படைப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். படங்களை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் போட யார் அனுமதி தர வேண்டும், பாடலைப் பதிவுசெய்து பணம் வந்தால் யாருக்கு, சுவரோவியம் உரிந்தால் திருப்பித் தீட்டுவது யார் என்று ஒரு பக்கத்தில், அந்த மக்கள் பேசும் மொழியில், கையெழுத்தோடு.

திரும்பி வரும் மூன்று நாளில் முதல் நாள் முழுவதும் கேட்பதற்கு. இரண்டாம் நாள், களத்தில் எங்கே தடுமாறினார்களோ அந்தத் தருணத்தையே விவாத அரங்குக் காட்சியாக்கி ஒருவர் இடத்தில் மற்றவர் நின்று பார்க்கட்டும். மூன்றாம் நாள், அடுத்த அணிக்கான முதல் நாள் பயிற்சியை அவர்களே திட்டமிட்டு நடத்திக் காட்ட வேண்டும். அந்த அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் இவர்களில் இருவருக்கு இடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது பாதிக்கப்பட்ட தரப்பிலிருந்து வந்தவராக இருக்கட்டும்.